புயலுக்குப் பிறகு வைத்த தென்னை: மண், தண்ணீர், ஊடுபயிர்



2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்தில் ஒரே ராத்திரியில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. முப்பது நாற்பது வருடம் சோறு போட்ட மரங்கள் அவை. பிள்ளைகள் படிப்பு, பெண்ணுக்கு நகை, குழுக் கடன் தவணை எல்லாம் காய் வெட்டுப் பணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு 2019-லும் 2020-லும் ஊன்றிய பிள்ளைகள்தான் இப்போது பாளை விடுகிற வயதுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நெட்டை ரகமாக இருந்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

ஆகவே இந்த மாதப் பாடத்துக்குத் தென்னையை எடுத்துக்கொள்கிறோம். "காய்க்க ஆரம்பிச்சிடுச்சு, இனிமே கவலை இல்லை" என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் கவனிக்க வேண்டிய காலம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

தென்னையில் ஒரு பாளை நம் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டரை வருடத்துக்கும் முன்பே குருத்துக்குள் கருவாக உருவாகிவிடுகிறது. அது வெளியே வந்து வெடித்து, குரும்பை பிடித்து, முற்றிய காயாவதற்கு இன்னும் ஒரு வருடம். மொத்தம் சுமார் 44 மாதம். இந்த வருடக் கோடையில் மரத்தைக் காயப் போட்டால் அதன் பலன் இந்த வருட வெட்டில் மட்டும் தெரியாது, அடுத்த மூன்று வருடமும் தெரியும். "போன வருஷம் நல்லாத்தானே மழை பெய்ஞ்சுது, ஏன் காய் இல்லை?" என்று கேட்கிறோம் அல்லவா? அதற்கு முந்தின வருடங்களின் வறட்சிக்கு மரம் இப்போது பதில் சொல்கிறது. ஆடு மாடு போல அன்றைக்கே கத்தாது தென்னை.

வேர் எங்கே இருக்கிறது?

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லி வேர்கள் கிளம்புகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் இருக்கின்றன. அதனால்தான் வட்டப்பாத்தி ஆறடி ஆரத்தில் (1.8 மீட்டர்) இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். பல தோப்புகளில் தூரை ஒட்டி ஒரு முழத்துக்குள் உரத்தைக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடுவதைப் பார்க்கிறோம். அங்கே உரத்தை உறிஞ்சும் வேர் குறைவு. உரம் பாத்தி முழுவதும் பரவலாக விழ வேண்டும், லேசாகக் கொத்திக் கலக்க வேண்டும், உடனே தண்ணீர் கட்ட வேண்டும்.

காய்க்கும் மரம் ஒன்றுக்கு வருடத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு: தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை இரண்டாகப் பிரித்து ஜூன்-ஜூலையில் ஒரு பாதி, டிசம்பர்-ஜனவரியில் ஒரு பாதி போட வேண்டும். இது ஐந்தாம் வருடத்திலிருந்து. இரண்டாம் வருடம் இதில் கால் பங்கு, மூன்றாம் வருடம் அரைப் பங்கு, நான்காம் வருடம் முக்கால் பங்கு. ஒரு ஏக்கரில் 25 அடிக்கு ஒன்றாக 70 மரம் இருந்தால் வருடத்துக்கு யூரியா 91 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டு. சூப்பரும் பொட்டாஷும் 140 கிலோ வீதம், 50 கிலோ மூட்டையில் மும்மூன்று. குழுவில் ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கினால் வண்டி வாடகை மிச்சம்.

மண்ணைப் பரிசோதிக்காமல் இந்த அளவை அப்படியே போடுவதை விட, பரிசோதித்துவிட்டுப் போடுவது நல்லது. மரப்பயிருக்கு மண் எடுக்கும்போது ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என மூன்று ஆழத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். தோப்பில் நாலைந்து இடத்தில் எடுத்து, ஒரே ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ வரும்வரை பாதி பாதியாகக் கழித்துத் துணிப்பையில் கட்டிக் கொடுக்கலாம். எருக்குழிப் பக்கத்திலும், புதிதாக உரம் போட்ட இடத்திலும் எடுக்கக் கூடாது. கடலோர ஊர்க்காரர்கள் போர்த் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் என்று நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே மண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இதில் பொட்டாஷ் சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னை மண்ணிலிருந்து மிக அதிகமாக எடுக்கும் சத்து இதுதான். குறைந்தால் அடிமட்டைகள் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பழுத்துக் காயும். நம் அம்மா, பாட்டி காலத்தில் அடுப்புச் சாம்பலைக் கூடையில் அள்ளித் தென்னை அடியில்தான் கொட்டுவார்கள். அது பொட்டாஷ் உரம் என்று யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. கேஸ் அடுப்பு வந்தது நம் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது, ஆனால் தென்னைக்கு வந்துகொண்டிருந்த சாம்பல் நின்றுவிட்டது. அதோடு, தேங்காயில் போகிற பொட்டாஷில் பெரும் பகுதி உரிமட்டையில்தான் இருக்கிறது. காயை உரித்து மட்டையை எல்லாம் கயிற்று மில்லுக்கு லாரி ஏற்றிவிட்டு, அதே சத்தைக் கடையில் மூட்டையாக வாங்குகிறோம். மட்டையை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை, அந்தக் காசும் வேண்டியதுதான். ஆனால் வருடத்துக்கு ஒரு வெட்டு மட்டையாவது தோப்பிலேயே நிற்கட்டும் என்பது என் எண்ணம்.

நிற்கிற மட்டையை என்ன செய்வது? மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, சுற்றிலும் இரண்டு அடி ஆழத்துக்கு வட்டக் குழி எடுத்து, மரத்துக்கு 100 மட்டை வீதம் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் மூடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். காய்ந்த மட்டை தன் எடையைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு விடும். ஒரு முறை புதைத்தால் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் பலன் தரும். மட்டை இல்லாதவர்கள் மரத்துக்கு 25 கிலோ நார்க்கழிவு போடலாம். மில்லிலிருந்து வரும் பச்சை நார்க்கழிவை உரம் என்று நினைத்துக் கொட்ட வேண்டாம். அது சீக்கிரம் மக்காது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும், ஐந்து பாட்டில் சிப்பிக்காளான் விதையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் வைத்திருந்து மக்க வைத்துப் போட்டால்தான் உரம்.

தொழு உரம் 50 கிலோ என்றதும், "மாடு இல்லாத வீட்டில் எருவுக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். மழை ஆரம்பித்ததும் வட்டப்பாத்தியில் மரத்துக்கு 50 கிராம் சணப்பு விதை தூவி, பூ எடுப்பதற்கு முன் மடக்கிக் கொத்தி விடுங்கள். அது மக்கவும் டிசம்பர்-ஜனவரி உரம் போடவும் சரியாக இருக்கும். தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் இதே வேலையைச் செய்யும். விழுகிற மட்டையைத் தோப்பு ஓரத்தில் குவித்துத் தீ வைப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மரம் மாதத்துக்கு ஒரு மட்டையாவது போடும். முடைந்தது போக மீதியை நறுக்கிப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பலாம், சாணக் கரைசல் தெளித்து மண்புழு உரமும் ஆக்கலாம்.

ஒரு அங்குலத் தண்ணீரின் கணக்கு

நம் பகுதியில் இன்னும் பலர் தோப்பு முழுவதும் பாய்ச்சல் விடுகிறோம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். சொட்டு நீரில் கோடைக்கு மரம் ஒன்றுக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால் 70 மரத்துக்கு 5,600 லிட்டர். அதாவது ஒரு அங்குலப் பாய்ச்சலுக்கு ஆகும் தண்ணீரில் அதே 70 மரத்துக்கும் 18 நாள் சொட்டு விடலாம். பாய்ச்சலில் பாதிக்கு மேல் மரத்துக்குப் போவதே இல்லை. வேர் இல்லாத இடத்தில் கோரைக்கும் அருகுக்கும் பாய்கிறது. பிறகு அந்தக் கோரையைப் பிடுங்கப் போகிறவர்களும் நாம்தான்.

கிழக்கு மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு சுமார் இப்படி: மார்ச் முதல் செப்டம்பர் வரை நாளைக்கு 80 லிட்டர், மற்ற மாதங்களில் 50 லிட்டர். தண்ணீர் தட்டுப்பாடு இருந்தால் 55-ம் 35-ம் போதும். போர் வற்றிப்போகும் கடும் வறட்சியில் 27-ம் 18-ம் லிட்டர் கொடுத்தாவது மரத்தைக் காப்பாற்றிவிடலாம். மழை பெய்து ஈரம் இருக்கும்போது நிறுத்திவிடலாம். மரத்துக்கு நாலு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் என்றால் ஒரு மணிக்கு 32 லிட்டர். இரண்டரை மணி நேரம் மோட்டார் ஓடினால் 80 லிட்டர். கம்பெனிக்காரர் 8 லிட்டர் என்று சொன்னாலும் நாமே ஒரு டப்பாவை அடியில் வைத்து ஒரு மணி நேரம் பிடித்துப் பார்ப்பது நல்லது. மடையின் முதல் மரத்திலும் கடைசி மரத்திலும் பிடித்துப் பாருங்கள். கடைசி மரத்தில் பாதிதான் வந்தால் குழாயில் அடைப்பு இருக்கிறது.

சொட்டுவானைத் தரைமேல் விட்டால் வெயிலில் ஆவியாகிப் போகிறது, வேரும் மேலேயே வருகிறது. தூரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, ஒன்றே கால் அடி நீள பி.வி.சி. குழாய்த் துண்டைச் சாய்வாக நட்டு, அதற்குள் சொட்டுவானை விடுங்கள். குழியை நார்க்கழிவால் நிரப்புங்கள். தண்ணீர் நேராக ஒரு அடிக்குக் கீழே இறங்கும்.

டிரிப் போட வசதி இல்லாதவர்கள் பாத்திக்கு மட்டும் தண்ணீர் போகும்படி வாய்க்கால் அமைக்கலாம். அதிலும் ஒரு எச்சரிக்கை. ஒரு மரத்துப் பாத்தி வழியாக அடுத்த மரத்துக்குத் தண்ணீர் போகக் கூடாது. நடு வரிசையில் வாய்க்கால் ஓடி, ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை இருக்க வேண்டும். இது தண்ணீர் மிச்சத்துக்காக மட்டும் இல்லை. தஞ்சாவூர் வாடல் நோய் என்று நம் மாவட்டத்தின் பெயரையே வைத்திருக்கும் நோய், தண்ணீர் வழியாகவும் மண் வழியாகவும்தான் மரத்துக்கு மரம் போகிறது. 1952-ம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சைக் கடலோரத்தில் கண்ட நோய் இது. அடிமட்டைகள் தொங்கும், தூரில் வெடித்துச் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். கஜாவில் விழுந்த மரங்களின் அடிக்கட்டை இன்னும் உங்கள் தோப்பில் இருந்தால் முதல் வேலையாகத் தோண்டி எடுங்கள். இந்தப் பூஞ்சாணம் குடியிருப்பது அங்கேதான். மக்கிக் கிடக்கும் தண்டில் காண்டாமிருக வண்டும் முட்டை வைக்கும். மரத்துக்கு வருடம் ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுவதும், டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழு உரத்தில் கலந்து போடுவதும் நோய் வராமல் காக்கும். உயிர் உரங்களை ரசாயன உரத்தோடு ஒரே நாளில் கலக்காதீர்கள்.

நடுவில் இருக்கும் நிலம்

25 அடிக்கு ஒரு மரம் என்று வைத்தால் நிலத்தில் கால் பங்கைத்தான் தென்னை வேர் பிடிக்கிறது. முக்கால் பங்கு சும்மா கிடக்கிறது. தோப்பில் உண்மையான வருமானப் பேச்சு இங்கேதான் ஆரம்பிக்கிறது. காய் வெட்டு ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் பெரும்பாலும் வீட்டு ஆண்கள் வியாபாரியிடம் பேசி வாங்கும் பணம். ஊடுபயிரில் வரும் கீரை, வாழை இலை, பால் காசு வாரா வாரம் நம் கைக்கு வருவது. சந்தா கட்டவும் தவணை கட்டவும் எந்தக் காசு உதவுகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எந்தப் பயிர் வைப்பது என்பதை மரத்தின் வயது முடிவு செய்கிறது. ஏழு வருடம் வரை மட்டை விரியாததால் நல்ல வெயில் விழும். நிலக்கடலை, எள், மரவள்ளி, மஞ்சள், வாழை எல்லாம் வரும். நெல்லும் கரும்பும் மட்டும் வேண்டாம். ஏழிலிருந்து இருபது வயது வரை மட்டைகள் தாழ விரிந்து நிழல் கட்டிக்கொள்ளும். அப்போது தீவனப் புல்லும் பசுந்தாள் உரப் பயிரும்தான் சரி. இருபதுக்கு மேல் மரம் உயர்ந்து மறுபடி வெளிச்சம் இறங்கும். சேனை, சிறுகிழங்கு, இஞ்சி, மஞ்சள், வெண்டை, பூவன், மொந்தன் வாழை, தண்ணீர் வசதி இருந்தால் மிளகு, ஜாதிக்காய், கோகோ என்று போகலாம். கோகோ வைக்க நினைப்பவர்கள் கொட்டையை வாங்குவது யார், எங்கே வந்து வாங்குவார் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

இப்போது நம் சிக்கல் புரிகிறதா? புயலுக்குப் பிறகு வைத்த பிள்ளைகள் ஏழு வயதை ஒட்டி நிற்கின்றன. இத்தனை வருடம் கடலை போட்டு எடுத்த நிலத்தில் இப்போது கடலை குறைகிறது. "விதை சரியில்லை", "மண்ணு செத்துப்போச்சு" என்று பேச்சு வருகிறது. மண் சாகவில்லை, வெயில்தான் குறைந்திருக்கிறது. இந்த நேரத்தில் மறுபடி கடலைக்குக் கடன் வாங்கிப் போட்டால் விதைக்காசு வருவதே கஷ்டம்.

இன்னொன்று. புயலில் தப்பிய பழைய மரங்களும் நடுவில் வைத்த புதுப் பிள்ளைகளும் கலந்து நிற்கும் தோப்புதான் நம்மில் பலருக்கு. அங்கே வயதுக் கணக்கு உதவாது. நடுப்பகலில் நாலு மரத்துக்கு மத்தியில் ஒரு வெள்ளைச் சாக்கை விரித்துப் பாருங்கள். சாக்கில் பாதிக்கு மேல் வெயில் விழுந்தால் கிழங்கும் காய்கறியும் போடலாம். அங்கங்கே பொட்டுப் பொட்டாக விழுந்தால் புல்தான். இது தோராயக் கணக்குதான், ஆனால் ஒரே தோப்பில் எந்தப் பக்கம் எது என்று பிரித்துக்கொள்ள உதவும்.

"புல்லா? அதுல என்னக்கா கிடைக்கும்?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். குழுக் கடனில் மாடு வாங்கியவர்களுக்குத் தெரியும், வைக்கோலும் கடைத் தீவனமும் மட்டும் போட்டால் பால் காசு முழுவதும் தீவனக் கடைக்கே போய்விடும். நிழலுக்குக் கினியாப் புல் நன்றாக வரும். வெளிச்சம் உள்ள ஓரங்களில் கம்பு நேப்பியர் கோ-4, கோ-5 வைக்கலாம். நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளைக்கு ஒரு அறுப்பு. தினம் கொஞ்சம் அறுக்கும்படி பகுதி பகுதியாக நடுங்கள். வேலிமசாலை நடுவே ஊன்றினால் புரதச் சத்தும் சேரும். மாட்டுச் சாணம் மறுபடி தென்னைக்கே போகும்போது, முன்னால் சொன்ன 50 கிலோ எருவுக்கும் வழி பிறந்துவிடுகிறது. மாடு இல்லாதவர்கள் புல்லைக் கட்டாக விற்கலாம், ஆனால் அப்போது சத்து தோப்பை விட்டு வெளியே போகிறது என்பதை மறக்காமல் எருவை வெளியிலிருந்து வாங்கிப் போட வேண்டும்.

எந்த ஊடுபயிராக இருந்தாலும் மரத்தடி ஆறடி வட்டத்தை விட்டுத் தள்ளித்தான் நட வேண்டும். அதற்கென்று தனி உரம், தனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். தென்னைக்குக் கொடுத்ததிலேயே வாழையும் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டால் இரண்டும் பிழைக்காது. டிராக்டர் உழவும் தூர்ப்பக்கம் வரக் கூடாது.

வெள்ளை ஈ பற்றியும் கேட்கிறார்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிய வந்த சுருள் வெள்ளை ஈ இப்போது நம் தோப்புகளிலும் இருக்கிறது. மட்டையில் கருப்பு படிந்ததும் மருந்து அடிக்க ஓடாதீர்கள். மருந்து அடித்தால் வெள்ளை ஈயைத் தின்னும் என்கார்சியா என்ற குட்டிக் குளவிதான் முதலில் சாகும். மட்டையின் அடிப்புறம் தண்ணீரை வேகமாகப் பீச்சி அடிக்கலாம், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம். கருப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மைதா காய்ச்சித் தெளித்தால், காய்ந்து கருப்போடு சேர்ந்து உரிந்து விழும்.

பட்டா யார் பெயரில்?

சொட்டு நீருக்குத் தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வட்டாட்சியரின் சிறு குறு விவசாயி சான்று ஆகியவை வேண்டும். நம்மில் பலர் நிற்கும் இடம் இதுதான். பாத்தி வெட்டுவதும், எரு சுமப்பதும், மடை மாற்றுவதும் நாம். பட்டா மாமனார் பெயரில், சில வீடுகளில் இறந்துபோன மாமனார் பெயரில். அப்படி இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். முதலில் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்குதாரர்களின் சம்மதம் கேட்கக்கூடும், அதை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிறந்த வீட்டுப் பூர்வீக நிலத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே இது வந்தது, 2005-ல் நாடு முழுவதுக்கும் வந்தது. பங்கு கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு நிலைமை. உரிமை இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தென்னை வைத்திருக்கும் உறுப்பினர்கள் மரங்களின் எண்ணிக்கை, நட்ட வருடம், பட்டா யார் பெயரில், மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஊக்குநர் அதைத் தொகுத்துக் கூட்டமைப்புக்கு அனுப்புவார். மண் மாதிரிகளை எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.